கவிதை மட்டுமே உள்ளே வரலாம்

முன்னே ஒரு காலத்தில், கடலை ஒட்டிய ஒரு ராஜ்ஜியத்தை வீரகேது என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனிதன். கோபம் வந்தால் ஒருவேளைச் சாப்பாட்டோடு தணிந்துவிடும். அவனுடைய சபையில் புலவர்கள் பதினாறு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பெரும்புலவர் திருமேனிநாதர். யாப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் தளை தட்டாமல் புரள்வார் என்று சபையில் பேசிக்கொள்வார்கள்.

இந்தப் பதினாறு பேரும் பன்னிரண்டு வருஷமாக அரசனையே பாடினார்கள். திங்கட்கிழமை அவன் சந்திரன், செவ்வாய்க்கிழமை சிங்கம், புதன்கிழமை மழைமேகம். வியாழக்கிழமை மறுபடியும் சந்திரனாகிவிடுவான். அரசன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பான், பரிசு கொடுப்பான், கொட்டாவியை உத்தரீயத்தால் மறைத்துக்கொண்டு எழுந்து போவான்.

அதே சபையில் தாண்டவன் என்று ஒரு விகடன் இருந்தான். அரசனைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. சொன்னதைச் சொன்னபடியே செய்வான். அவனிடம் இருந்த தொல்லையே அதுதான். "இந்த மாம்பழத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்" என்று அரசன் ஒருமுறை சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்த அரசனையே தொடவிடாமல் மூன்று நாள் காவல் இருந்து, பழத்தை அழுகவைத்தவன் தாண்டவன். அதற்கும் அரசன் சிரித்தான். தங்கள் பாட்டுக்குக் கொட்டாவி, இவன் கூத்துக்குச் சிரிப்பா என்று புலவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அரசன் பல்லக்கில் துறைமுகத்துக்குப் போனான். பக்கத்துப் பல்லக்கில் பெரும்புலவர். கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து வந்த கப்பல் ஒன்றில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு மாலுமி எதையோ பாடினான். மொழி புரியவில்லை. நாலே வரிதான். அவன் பாடி முடித்ததும் கூட இருந்தவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் சும்மா நின்றார்கள். அப்புறம் மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அரசன் பல்லக்கை நிறுத்தச் சொன்னான்.

"புலவரே, அது என்ன?"

"சத்தம், அரசே."

"சத்தத்துக்கு எதற்காக மூட்டையைக் கீழே வைத்தார்கள்?"

"பாரமாக இருந்திருக்கும்" என்றார் பெரும்புலவர்.

அந்தப் பதில் அரசனுக்கு ஒட்டவில்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் சபையில் அறிவித்தான்: "இன்றிலிருந்து எட்டாம் நாள் கவிமண்டபத்தில் நான் உட்காரப்போகிறேன். நம் நாட்டில் இருக்கிறவர்களும் நம் துறைக்கு வந்திருக்கிறவர்களும் அவரவர் கவிதையை எனக்குச் சொல்ல வேண்டும். எந்த மொழியானாலும் சரி, எந்தத் தொழில் செய்கிறவரானாலும் சரி. உலகத்தில் எத்தனை விதமாகக் கவிதை இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்."

புலவர்கள் கலங்கிப்போனார்கள். மூட்டை தூக்குகிறவனும் தங்களோடு சமமாக உட்காருவதா என்று அவர்களுக்குள் பேச்சு. பெரும்புலவர் மட்டும் நிதானமாக யோசித்தார். அவருக்கு ஒரு வழி தெரிந்தது. ஒரே கல்லில் இரண்டு காய் விழும்படியான வழி.

"அரசே, தங்கள் ஆவல் நியாயமானது" என்றார். "ஆயினும் கவிமண்டபம் மூன்று தலைமுறையாகக் கவிதைக்கென்றே இருந்துவரும் இடம். கவிதை அல்லாத எதுவும் அதற்குள் நுழையலாகாது. வாசலில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவோம். தாண்டவனையே நிறுத்தலாம். சொன்னதைச் சொன்னபடி செய்பவன் அல்லவா. கவிதை அல்லாத ஒன்றை அவன் உள்ளே விட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அவ்வளவே அடியேன் கேட்பது."

"எது கவிதை, எது கவிதை இல்லை என்று யார் சொல்வது?"

"அதற்குத்தானே அடியேன் இருக்கிறேன்."

எட்டாம் நாளைப் பற்றிய நினைப்பிலேயே இருந்த அரசன் சரி என்று தலையாட்டிவிட்டான். பெரும்புலவர் அங்கேயே ஒரு பலகை வரவழைத்து, தம் கையாலேயே எழுதினார்: 'கவிதை மட்டுமே உள்ளே வரலாம். வேறு எது நுழைந்தாலும் காவலன் பொறுப்பு.' அதில் அரச முத்திரையும் விழுந்தது.

தாண்டவன் மாட்டிக்கொண்டான். வருகிறவர்களை உள்ளே விட்டால், அவர்கள் சொன்னது கவிதையே இல்லை என்று பெரும்புலவர் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். இவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். விடாமல் தடுத்தாலோ அரசனின் ஆசையில் மண். வீட்டுக்குப் போய் மனைவி நாகம்மாளிடம் சொன்னான்.

"அந்தப் பாட்டெல்லாம் எப்படி இருக்கும்னு நீங்க கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லை."

"அப்ப மொதல்ல போய்க் கேளுங்க. கேக்காமலே பயந்தா எப்படி?"

அது சரியாகத்தான் பட்டது. மறுநாளிலிருந்து தாண்டவன் துறைமுகத்துக்குப் போனான், குதிரைச் சந்தைக்குப் போனான், ஊர்க்கோடியில் இருந்த சுண்ணாம்புக் காளவாய்க்கும் போனான். ஆட்களைப் பார்த்து அழைத்துவிட்டு வரலாம் என்று போனவன், போன காரியத்தை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஒருவன் பாட்டில் பாதியைச் சொல்லாமல் விட்டான். இன்னொருவன் பாட்டில் கேட்கிறவனுக்கும் வேலை இருந்தது. இதெல்லாம் தாண்டவனுக்குப் புதிதாக இருந்தது. ஏழு நாளும் இப்படியே போயின. ஏழாம் நாள் மாலை மண்டபத்து வழியாக வரும்போது அந்தப் பலகையை நின்று வாசித்தான். திரும்ப ஒருமுறை வாசித்தான். பிறகு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

எட்டாம் நாள் காலை மண்டபத்தைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. பதினாறு புலவர்களும் பட்டுடுத்திப் படியேறி வந்தார்கள். தாண்டவன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லுங்கள். தாங்கள் யார்?"

"விளையாடுகிறாயா? பெரும்புலவர் திருமேனிநாதர்."

"கவிதையா?"

"கவிதை செய்பவன்."

"செய்பவர் வெளியே நிற்கலாம். பலகையை வாசித்துப் பாருங்கள். கவிதை மட்டுமே உள்ளே வரலாம் என்றுதான் இருக்கிறது. கவிஞரும் வரலாம் என்று இல்லை. எழுதிய கை தங்களுடையது."

பெரும்புலவர் பலகையைப் பார்த்தார். எழுத்து அவருடையதுதான். அப்போது முரசு ஒலித்தது, அரசன் வந்துகொண்டிருந்தான். பெரும்புலவர் முகத்தில் தெம்பு வந்தது.

"அரசரையும் நிறுத்துவாயோ, தாண்டவா? அவரும் கவிதை இல்லையே."

தாண்டவன் இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். "போன ஆவணியில் தாங்கள் சபையில் பாடியது இது. 'நடந்து வரும் கவிதையே, நானிலத்து வேந்தே' என்று முதல் அடி. இது மெய்யா, பொய்யா?"

அரசன் பக்கத்தில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பெரும்புலவர் அரசனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மெய்" என்றார்.

"அப்படியானால் அரசர் தாராளமாக உள்ளே போகலாம்."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவன் பின்னால் போன சாமரக்காரர்களைத் தாண்டவன் நிறுத்தினான். அவர்கள் கவிதை இல்லை. வெற்றிலைப் பெட்டிக்காரனும் இல்லை. ஆக அத்தனை பெரிய மண்டபத்தில் அரசன் தன்னந்தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே விசிறிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இப்போது கவிதை எப்படி உள்ளே வரும்?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"பலகணி வழியாக வரும், அரசே" என்றான் தாண்டவன். மண்டபத்தின் சுவரில் கல்லில் துளையிட்ட பலகணிகள் வரிசையாக இருந்தன. "ஆள் வெளியே நிற்கட்டும். குரல் உள்ளே வரட்டும்."

வெளியே மாலுமி, குதிரை வியாபாரி, கூலிக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் வெயிலில் பட்டுடுத்திய பதினாறு புலவர்கள். எல்லோரும் ஒரே கூட்டமாக நின்றார்கள்.

முதலில் அந்தத் தீவு மாலுமி பலகணியிடம் வந்தான். தன் மொழியில் பாடினான். துறைமுகத்தில் கேட்ட அதே பாட்டு என்று அரசனுக்குத் தெரிந்தது. பிறகு மாலுமி, "உங்க மொழியிலே சொல்றேன், ராஜா. கொஞ்சம் ஒடஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"உலர்ந்த வலையில் ஒரே ஒரு செதில்,
உதறியும் விழவில்லை.
வாசலில் நீ மிதித்த மணல்,
நான் இன்னும் பெருக்கவில்லை."

அரசன் சிம்மாசனத்திலிருந்து எழுந்து பலகணிக்கு அருகே வந்தான்.

"செதிலுக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அத நாங்க சொல்லக் கூடாது, ராஜா. சொன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்க. முதல் ரெண்டு வரி கண்ணால பாத்தது. அடுத்த ரெண்டு வரி மனசுல கெடக்கறது. நடுவுல முடிச்சுப் போடறது கேக்கறவங்க வேலை."

"போனவள் யார்?"

"போனது அவ இல்ல, நான். இது என் பொண்டாட்டி கட்டின பாட்டு."

அரசன் மறுபடியும் அந்த நாலு வரியைச் சொல்லச் சொன்னான். இந்த முறை கேட்டபோது அது வேறு பாட்டாக இருந்தது.

அடுத்து மணல்தேசத்துக் குதிரை வியாபாரி வந்தான். நெடிய ஆள். "மகாராஜா, நான் இரண்டு இரண்டு வரியாகச் சொல்வேன்" என்றான். "ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே சொல் வரும். அதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் என்னோடு சேர்ந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாட்டு நொண்டும்."

"கிணற்றில் ஒரு கை நீர்தான் இருந்தது;
அதில் ஒரு நட்சத்திரம் இருந்தது, போதும்."

யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் கூச்சம்.

"நூறு குதிரை விற்றேன், பெயர்கள் மறந்துவிட்டன;
ஒன்று திரும்பிப் பார்த்துப் போனது, போதும்."

இங்கொருவர் அங்கொருவராக நாலைந்து பேர் 'போதும்' என்றார்கள்.

"உன் ஊருக்கு நான் வந்தபோது கதவு சாத்தியிருந்தது;
உள்ளே விளக்கு எரிந்தது..."

வியாபாரி அங்கே நிறுத்தினான். "போதும்" என்று கூட்டம் முழுதும் சொன்னது. உள்ளே இருந்த அரசனும் சொன்னான். அப்படிப் பலரோடு சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்லி அவனுக்குப் பழக்கமே இல்லை. சொன்ன பிறகு ஏனோ கண் கலங்கியது. தாண்டவன் வாசலில் நின்றபடி கூட்டத்தில் உள்ளவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிணறு, குதிரை, கதவு. மூன்றும் வேறு வேறு. இது எப்படி ஒரே பாட்டாகும்?" என்று கேட்டான் அரசன்.

"சந்தையில் மூன்று குதிரை நிற்கிறது, மகாராஜா. ஒன்றுக்கொன்று உறவில்லை. ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்."

கடைசியாக இருளாயி என்று ஒரு பெண் வந்தாள். காளவாயில் சுண்ணாம்பு இடிப்பவள். கைகால் எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. "கல்லச் சுட்டா சுண்ணாம்பு" என்று தொடங்கி, சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றான் அரசன்.

"நிறுத்தல சாமி. அங்கதான் ஒலக்க விழும். ஒலக்க இல்லாம இந்தப் பாட்டு வராது."

உலக்கையும் உரலும் கொண்டுவரச் சொன்னான் அரசன். அவை வெளியிலேயே இருந்தன. அவற்றின் ஓசை உள்ளே போயிற்று. இருளாயி இடித்துக்கொண்டே பாடினாள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் இடி.

"கல்லச் சுட்டா சுண்ணாம்பு,
காட்டச் சுட்டா சாம்பலு,
என்னச் சுட்ட வெயிலே,
நீ என்னத்தக் கண்ட?"

கடைசி வரிக்குப் பிறகு உலக்கை விழவில்லை. அவள் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். விழப்போகிறது, விழப்போகிறது என்று காத்திருந்த அரசனுக்கு அந்த விழாத இடிதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

அவன் வெளியே படிக்கட்டுக்கு வந்தான். பெரும்புலவர் முன்னே வந்து வணங்கினார்.

"அரசே, விகடன் தோற்றான். மண்டபத்தில் இன்று நுழைந்த மூன்றும் கவிதை அல்ல. ஒன்றில் எதுகை இல்லை, ஒன்றில் தொடர்ச்சி இல்லை, ஒன்று உலக்கையால் நிற்கிறது. சீர், தளை, எதுகை, மோனை இந்த நான்கும் இருந்தால் கவிதை. இல்லாவிட்டால் சத்தம். சபையில் முடிவானபடி அவன் நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

"நான்கும் இருந்தால் கவிதை என்பதில் மாற்றமில்லையே?" என்று கேட்டான் தாண்டவன்.

"இல்லை."

"அப்படியானால் என்னிடமும் ஒன்று இருக்கிறது." தாண்டவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராகம் போட்டுச் சொன்னான்.

"உப்பும் புளியும் உழக்கு மிளகுடன்
துப்புரவாய் வாங்கிவா சென்று."

புலவர்களின் மாணாக்கர்கள் பழக்க தோஷத்தில் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் சத்தமாகவே சொல்லிவிட்டான்: "இரண்டடி வெண்பா, ஐயா. தளை தட்டவில்லை. உப்பு, துப்பு என்று எதுகை. உப்பும், உழக்கு என்று மோனை. எல்லாம் சுத்தம்."

பெரும்புலவர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

"புலவரே, இது கவிதையா?" என்றான் அரசன்.

"இலக்கணப்படி வெண்பா, அரசே."

"வெண்பாவா என்று கேட்கவில்லை. கவிதையா?"

பெரும்புலவர் பொறாமைக்காரர்தான், ஆனால் யாப்பில் பொய் சொல்லிப் பழகாதவர். தாண்டவன் சொன்ன இரண்டடியைத் தமக்குள் சொல்லிப் பார்த்தார். "இல்லை" என்றார் கடைசியில். பிறகு அவராகவே தொடர்ந்தார். குரலில் இருந்த பிடிவாதம் போய் உண்மையான கவலை வந்திருந்தது. "ஆனால் அரசே, அளவு என்று ஒன்று இல்லாவிட்டால் எதைக் கொண்டு அறிவது? அறியாத மொழி, அறியாத முறை. இது கவிதை, இது வெறும் பேச்சு என்று எப்படிப் பிரிப்பது?"

அரசன் தாண்டவனைப் பார்த்தான்.

"பெரும்புலவர் ஏற்கெனவே பிரித்துவிட்டார், அரசே" என்றான் தாண்டவன். "நான் வாசலில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரைக்காரர் மூன்றாவது தரம் நிறுத்தியபோது, கூட்டத்தில் முதலில் 'போதும்' என்று சொன்னவர் இவர்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்."

எல்லோரும் பெரும்புலவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"வாய் தவறி வந்துவிட்டது" என்றார் மெதுவாக.

"எனக்கும் அப்படித்தான் வந்தது" என்றான் அரசன்.

அதைக் கேட்டதும் பெரும்புலவரின் மனப்பாரம் இறங்கிற்று. இருளாயி பக்கம் திரும்பினார். "அம்மா, நீ பாடும்போது நான் விரல்விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சரியாக ஒரு சீர் அளவுக்கு உலக்கை விழுகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியில் மட்டும் அந்த இடம் காலியாக இருக்கிறது. நான் படித்த இலக்கணத்தில் அதற்குப் பெயரே இல்லை. காளவாயில் அதை என்னவென்று சொல்வீர்கள்?"

"பேரு எதுக்கு சாமி? கை வலிச்சா நிறுத்துவோம்" என்றாள் இருளாயி. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அந்த எடத்துல மட்டும் வலிக்காட்டியும் நிறுத்துவோம்" என்றாள்.

பெரும்புலவர் மாணாக்கனிடம் ஓலையும் எழுத்தாணியும் வாங்கி அதை எழுதிக்கொண்டார். இருளாயியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, காளவாயில் வேறு என்னென்ன பாடுவார்கள் என்று கேட்கத் தொடங்கினார். அரசன் அங்கே நிற்பதையே அவர் மறந்துபோனார். அரசன் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலுமிக்கும் வியாபாரிக்கும் இருளாயிக்கும் பொன்னும் பட்டும் கொடுக்கச் சொன்னான். பலகையைக் கழற்றச் சொன்னான். பிறகு தாண்டவனிடம் வந்தான்.

"யாரும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. அது கிடக்கட்டும். அந்த உப்புப் புளி வெண்பாவை எப்போது கட்டினாய்? தளை தட்டாமல் கட்ட உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"நான் கட்டவில்லை, அரசே" என்றான் தாண்டவன். "காலையில் புறப்படும்போது என் மனைவி சொல்லியனுப்பியது. இவ்வளவு நேரம் வாசலில் நின்றுவிட்டேன். சந்தை மூடிவிடுவார்கள். வெறுங்கையோடு போனால் அவள் சொல்வதில் எதுகை மோனை எதுவும் இருக்காது."

அரசன் சிரித்தான். படிக்கட்டில் உட்கார்ந்து, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். கூட்டம் சிரித்தது. ஓலையில் எழுதிக்கொண்டிருந்த பெரும்புலவரும் நிமிர்ந்து சிரித்துவிட்டார். அரசன் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டான். பண்டகசாலைக் காரியக்காரனைக் கூப்பிட்டு, உப்பும் புளியும் மிளகும் வகைக்கொரு வண்டியாகத் தாண்டவன் வீட்டில் இறக்கும்படி உத்தரவிட்டான்.

அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று வண்டிகளும் போய் நின்றன. நாகம்மாள் வெளியே வந்து, மூட்டைமூட்டையாக இறங்குவதைப் பார்த்தாள். முத்துமாலையோடு நின்ற புருஷனையும் பார்த்தாள்.

"மிளகு உழக்குதானே சொன்னேன்?" என்றாள்.